வீடு வாங்கும் முன் யாரைக் கேட்பது? – எரேமியா 32-லிருந்து ஒரு பாடம்

வேத வாசிப்பு: எரேமியா 32:6-15, ஆதியாகமம் 23, லூக்கா 14:28-30



இந்த மாதப் பாடம் சிலருக்கு வித்தியாசமாகத் தோன்றலாம். "பாஸ்டர் எதுக்கு பத்திரம், பட்டா பற்றியெல்லாம் எழுதுறாரு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிஃப்ட் பார்த்து, பத்துப் பதினைந்து வருஷமாக லைன் வீட்டில் வாடகை கொடுத்து வாழ்ந்த நம் விசுவாசிகள் பலர் இப்போது முதல் முறையாகச் சொந்த வீடோ மனையோ வாங்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இது நல்ல காரியம், சந்தோஷமான காரியம். ஆனால் ஊழியக்காரனாகிய என்னை அவர்கள் எப்போது அழைக்கிறார்கள் தெரியுமா? "பாஸ்டர், இடம் பார்த்தாச்சு, அட்வான்ஸும் கொடுத்தாச்சு, வந்து ஜெபம் பண்ணுங்க." அட்வான்ஸ் கொடுத்த பிறகு! இன்னும் சிலர் வீட்டுப் பிரதிஷ்டைக்குத்தான் அழைக்கிறார்கள். அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடுவதில்லை. சொன்னால் யாராவது பொறாமைப்படுவார்கள், காரியம் தடைபட்டுவிடும் என்று பயம்.

பிரியமானவர்களே, ஒரு மனுஷன் வாழ்நாளில் கொடுக்கிற பெரிய பணம் இதுதான். அதை இரகசியமாக, தனியாக, அவசரமாகக் கொடுக்கலாமா? வேதத்தில் நிலம் வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று முதலில் பார்ப்போம்.

1. எரேமியா நிலம் வாங்கிய விதம்

பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்த நாட்களில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை நாங்கள் தீர்க்கதரிசனமாகவே படித்தோம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார், அந்த நேரத்தில் நிலம் வாங்கச் சொல்லி வார்த்தை வருகிறது. விசுவாசத்துக்கு எவ்வளவு பெரிய அடையாளம்! உண்மைதான். ஆனால் அவர் வாங்கிய விதத்தை ஒவ்வொரு வசனமாகக் கவனித்துப் பாருங்கள்.

விற்கிறவர் யார்? அனாமெயேல், எரேமியாவின் தகப்பனுடைய சகோதரன் மகன். சொந்தக்காரன்! மீட்கும் உரிமை யாருக்கு என்பது முதலில் பேசப்படுகிறது. விலை பதினேழு சேக்கல் வெள்ளி என்று தெளிவாகச் சொல்லப்படுகிறது. பத்திரம் எழுதப்படுகிறது, முத்திரை போடப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பணம் தராசில் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, எல்லாரும் பார்க்கத் திறந்த பத்திரம் ஒன்று என்று இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுங்காலம் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

கர்த்தரே வாங்கச் சொன்ன நிலம் அது. விற்றவர் சொந்தக்காரர். ஆனாலும் ஒரு படியைக்கூட எரேமியா தாண்டிப் போகவில்லை. அப்படியிருக்க, "கர்த்தர் காட்டின இடம் பாஸ்டர், டாக்குமென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம்" என்று நாம் சொல்வது எந்த விசுவாசம்?

ஆபிரகாமும் அப்படித்தான். சாராளை அடக்கம் பண்ண இடம் கேட்டபோது, எப்பெரோன் இலவசமாகவே தருகிறேன் என்றான். ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. நானூறு சேக்கல் வெள்ளியை ஊரார் கேட்க நிறுத்துக் கொடுத்தார். நிலம், குகை, அதன் எல்லைக்குள் இருந்த மரங்கள் என்று எல்லாம் விவரமாகக் குறிக்கப்பட்டு உறுதியானது. இன்றைக்கு நாம் பத்திரத்தில் "நான்கு எல்லை" எழுதுகிறோமே, அதே காரியம்தான்!

2. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மனை விற்றவர் நல்ல மனுஷர், நம்பிக்கையான முகம், அவரும் விசுவாசிதான். பதின்மூன்று வருஷ வில்லங்கச் சான்று காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. இவர் 2 லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பிறகு பேங்க் லோனுக்காக முப்பது வருஷ ஈ.சி. போட்டபோதுதான், அந்த நிலத்தின் ஒரு பாகத்தை விற்றவரின் தகப்பனார் தம் மகளுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்தது. அந்த அக்காளின் கையெழுத்து எங்கேயும் இல்லை. பேங்க் மறுத்துவிட்டது. அட்வான்ஸ் பணம் சிறுகச் சிறுகத் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது, முழுசும் வரவில்லை. அந்த ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் சமாதானம் இல்லை. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கினார்கள். இதெல்லாம் ஒரு காகிதத்தை முன்கூட்டியே பார்க்காததனால்.

ஆகவே இந்தப் பட்டியலை வெட்டி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்று (ஈ.சி.): குறைந்தது முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறை வலைத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தெரியாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பதிவு செய்யப்பட்ட பத்திரங்கள்தான் ஈ.சி.-யில் வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கிற வழக்கு இவையெல்லாம் அதில் தெரியாமல் போகலாம். ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்பதால் நிலம் சுத்தம் என்று அர்த்தமில்லை.

தாய்ப்பத்திரம்: இன்றைய சொந்தக்காரருக்கு யார் விற்றது, அவருக்கு யார் விற்றது என்று பின்னோக்கிப் போகும் சங்கிலி. ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. ஜெராக்ஸ் காட்டினால் ஒரிஜினல் எங்கே என்று கேளுங்கள். ஒரிஜினல் அடமானத்தில் இருக்கக்கூடும்.

பட்டா, சிட்டா, புலப்படம்: பட்டாவில் யார் பெயர், எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்று பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பத்திரமும் பட்டாவும் கைகோத்து நிற்க வேண்டும். புலப்படத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்து, கல் நட்டிருக்கிற இடத்தைக் கண்ணால் பாருங்கள். காகிதத்தில் 1,200 சதுர அடி இருக்கும், தரையில் ஆயிரம்தான் இருக்கும்.

வாரிசுகள்: தகப்பன் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். "அக்காளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சு" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்தாலும், இந்தியா முழுவதற்கும் 2005 திருத்தத்தாலும் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் என்ற வித்தியாசமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. மைனர் பிள்ளை பங்கு இருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பவர் பத்திரம்: "பவர் ஏஜென்ட் விற்கிறார்" என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை. பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பவர் ரத்தாகிவிட்டதா? முதலில் அதைக் கேளுங்கள். வெறும் பவரும் அக்ரிமென்ட்டும் எழுதி வாங்கிக்கொண்டால் சொத்து உங்களுடையது ஆகாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் கிரயம்.

அக்ரிமென்ட்: விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டம் வந்துவிட்டது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி ஆளுக்கொரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை. பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்து வாங்க விற்க 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. செக்கிலோ பேங்க் டிரான்ஸ்ஃபரிலோ கொடுங்கள். எரேமியா சாட்சிகளுக்கு முன் நிறுத்துக் கொடுத்தார். நமக்கு பேங்க் பாஸ்புக்கே சாட்சி.

3. தொடக்கூடாத நிலம்

சில நிலங்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. ஏரி, கால்வாய், மேய்க்கால், பாதை என்று அரசுக் கணக்கில் உள்ள புறம்போக்கு, கோவில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவை. கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரியும்.

இவற்றில் பஞ்சமி நிலத்தைப் பற்றி நம் சபை மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய திருவள்ளூர், பொன்னேரி பகுதிகள் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் என்பவர், நிலமில்லாத ஒடுக்கப்பட்ட ஜனங்கள் படுகிற பாட்டை 1891-ல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் பேரில் 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம், மற்றவருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் பல கை மாறிப்போன கதை உங்களுக்குத் தெரியும். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பொய்ச்சாட்சி வைத்துப் பறித்த ஆகாபின் கதையை 1 இராஜாக்கள் 21-ல் வாசிக்கிறோமே, அதேதான். ஏழையின் நிலத்தை மறைத்து விற்கிறவன் கையிலிருந்து வாங்கினால், சட்டத்திலும் நஷ்டம், மனசாட்சியிலும் நஷ்டம். நீங்களே அந்த நிலத்துக்கு உரியவர்களின் பிள்ளைகளாயிருந்தால், உங்கள் பாட்டனார் நிலத்தின் பழைய கணக்கைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று தண்ணீர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடுகிற மண் நம்முடையது. 2015 டிசம்பர் மழையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் யாரும் மறக்கவில்லை. மனையைச் சித்திரை வெயிலில் பார்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: "அம்மா, அந்த வருஷம் இங்க எவ்வளவு தண்ணி நின்னுது?" அவர்கள் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்களா, இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்களா என்று பாருங்கள். எந்த புரோக்கரும் சொல்லாத உண்மையை அந்தத் தாயார் சொல்லிவிடுவார்கள். தொழிற்சாலைகளுக்கு அருகில் என்றால் போர் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

4. மனைப்பிரிவு, அப்ரூவல், ரெரா

ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மத்தியான சாப்பாடு, புக் பண்ணினால் ஒரு கிராம் தங்கக் காசு, ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம். இந்த நோட்டீஸ் எல்லாருக்கும் வந்திருக்கும். (ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வேனில் ஏறினவர்களும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்!) அந்தப் பத்து நிமிஷத்தை நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குப் பிறகு 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த விதிகள் வழிகாட்டின. ஆகவே "அப்ரூவல் வந்துடும் பிரதர், நீங்க இப்ப புக் பண்ணுங்க" என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. கொடுத்த எண்ணையும், அங்கீகரித்த வரைபடத்தையும், அதில் உங்கள் மனை எண்ணையும் பார்த்த பிறகே பேச்சு. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவு வரைபடம் அங்கீகாரம் ஆகாது.

புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடி வீடோ என்றால் 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) உங்களுக்குத் துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ போடப்படுகிற திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கட்டிய பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனி பேங்க் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே இலவசமாகச் சரி செய்ய வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரெரா பதிவு எண்ணை ஆணையத்தின் வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாலிபப் பிள்ளைகள் ஃபோனில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

5. உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்த்தல்

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் லூக்கா 14-ல் கேட்கிறார். கவனியுங்கள், உட்கார்ந்து! வேனில் நின்றுகொண்டு அல்ல.

30 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அதாவது 2,70,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். லோன் 30 லட்சத்துக்குள் இருந்தால் பேங்க் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பதிவுச் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆக, பேங்க் முழுசாகக் கொடுத்தாலும் உங்கள் கையில் 3 லட்சமும் 2,70,000-மும் சேர்த்து 5,70,000 ரூபாய் இருக்க வேண்டும். பிறகு வக்கீல், பத்திரம் எழுதுகிறவர், புரோக்கர், பேங்க் செலவு, ஈ.பி. பெயர் மாற்றம், பெயின்ட். இதற்கு நகை முழுவதையும் அடகு வைத்து, கை மாற்றும் வாங்கினால், முதல் மாதத் தவணையிலேயே மூச்சு முட்டும்.

தவணைக் கணக்கையும் பாருங்கள். 15 லட்சம் லோன், 9 சதவீத வட்டி என்று எடுத்துக்கொள்வோம். இருபது வருஷம் என்றால் மாதம் சுமார் 13,500 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 32 லட்சத்து 39 ஆயிரம். பதினைந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 15,200. மொத்தம் சுமார் 27 லட்சத்து 39 ஆயிரம். மாதம் 1,700 ரூபாய் கூடக் கட்டினால் ஐந்து லட்ச ரூபாய் மிச்சம்! தனிநபரின் மாறும் வட்டி வீட்டு லோனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஆகவே போனஸ் வரும்போது டி.வி. வாங்காமல் அசலில் கட்டுங்கள். ஆனால் ஓவர்டைம் பணத்தை நம்பித் தவணையை முடிவு செய்யாதீர்கள். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நிற்கும், தவணை நிற்காது. கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறவர்கள் ஆறு மாதத் தவணையையாவது தனியாக ஒதுக்கி வைத்த பிறகு இறங்குங்கள்.

6. உதவி எங்கே கிடைக்கும்?

"நமக்கு யாரு பாஸ்டர் இருக்காங்க?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்கள். கணவர் இல்லை, பேக்கிங் பிரிவில் வேலை, ஒரு மகள். இருக்கிறார்கள் அம்மா, கேட்டால் இருக்கிறார்கள்.

(அ) சட்ட உதவி: 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அந்தப் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மேற்சொன்ன சகோதரி அங்கே போய் விவரம் கேட்டு வந்த பிறகுதான் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்றே தெரிந்துகொண்டார்கள்.

(ஆ) பேங்க்: லோன் கேட்டால் பேங்க்கின் பேனல் வக்கீல் உங்கள் பத்திரங்களைப் படித்துக் கருத்து எழுதுவார். இங்கே ஒரு வார்த்தை. பேங்க் லோன் மறுத்தால் "பிசாசின் தடை" என்று சொல்லி உபவாசம் போட்டு, அதே இடத்தைக் கந்துவட்டிக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேங்க் ஏன் மறுத்தது என்று முதலில் கேளுங்கள். பத்திரத்தில் ஓட்டை இருந்து மறுத்திருந்தால் அது தடை அல்ல, வேலி! அந்தச் சகோதரியின் முதல் வீட்டையும் பேங்க் மறுத்தது. அழுதார்கள். எட்டு மாதம் கழித்து அதைவிடச் சின்ன வீடு, சுத்தமான பத்திரத்தோடு கிடைத்தது. ஆனாலும் பேங்க் வக்கீல் பேங்க்குக்காகப் பார்க்கிறவர். உங்களுக்கென்று ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

(இ) அரசுத் திட்டங்கள்: நகர்ப்புறத்துக்குப் பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம் 2.0, 2024 செப்டம்பரில் தொடங்கியது. வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள், குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாதவர்கள், 35 லட்சம் வரையுள்ள வீட்டை 25 லட்சம் வரையிலான லோனில் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் 1,80,000 ரூபாய் வரை ஐந்து தவணையாக லோன் கணக்கில் வரவு வைக்கப்படும். லோன் போடும்போதே பேங்க்கில் கேளுங்கள். கிராமங்களில் குடிசையில் இருக்கிறவர்களுக்கு வீடு ஒன்றுக்கு 3,50,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு, 2025 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. சகோதரர்களே, மனைவி பெயரில் எழுதத் தயங்காதீர்கள்!

(ஈ) பி.எஃப்.: வீடு வாங்கவும் கட்டவும் பி.எஃப். பணத்திலிருந்து எடுக்க வழி உண்டு. 2025-ல் விதிகளில் மாற்றங்கள் வந்திருப்பதால் கம்பெனி ஹெச்.ஆர்.-இடம் உங்கள் கணக்குக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அது முதிர்வயதுக்கு வைத்த அப்பம் என்பதையும் நினைத்துக்கொண்டு எடுங்கள்.

(உ) லோன் முடிந்த பிறகு: 2023 டிசம்பர் முதல், லோனை முழுசாக அடைத்த 30 நாளுக்குள் பேங்க் ஒரிஜினல் பத்திரங்களைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பேங்க்கின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதை மறக்காமல் கேட்டு வாங்கி, எரேமியாவின் மண்பாண்டம் போல ஒரு பத்திரமான இடத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.

7. சபை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

ஆலோசனைக்காரர் அநேகரால் காரியம் உறுதிப்படும் என்று நீதிமொழிகள் 15:22 போதிக்கிறது. நம் சபைகளில் எத்தனை விதமானவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கோர்ட் குமாஸ்தா, தாலுகா ஆபீஸில் இருந்தவர், கொத்தனார் வேலை தெரிந்தவர். வீடு வாங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று பேர் துணை நிற்கலாம். ஒருவர் காகிதத்தை வாசிக்கட்டும், ஒருவர் கூட வந்து தரையையும் சுவரையும் பார்க்கட்டும், ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். இதற்குக் காணிக்கை வேண்டாம், ஒரு டீ போதும். காகிதம் வாசிக்கிறவர் வக்கீலுக்குப் பதில் அல்ல. வக்கீலிடம் என்ன கேட்பது என்று சொல்லிக் கொடுக்கிறவர். விதவைகளும் தனியாய் இருக்கிற சகோதரிகளும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதபடி யாராவது உடன் போங்கள். அங்கே பத்துப் பேர் நின்று "சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா" என்று அவசரப்படுத்தும்போது, "இருங்க, படிச்சுட்டுப் போடட்டும்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் மனை விற்கக் கூடாது. "நானும் விசுவாசிதான்" என்பது பத்திரத்துக்குப் பதில் ஆகாது. உண்மையான விசுவாசி பத்திரத்தைக் கேட்டால் வருத்தப்பட மாட்டான், தானே எடுத்துக் காட்டுவான். ஊழியக்காரர்கள் மனை விற்பனையில் கமிஷன் வாங்கக் கூடாது. வாங்கினால் அவர் சொல்லும் ஆலோசனைக்கும் ஜெபத்துக்கும் விலை வந்துவிடுகிறது. மற்றவர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் நீதிமொழிகள் 22:26,27-ஐ வாசியுங்கள். கட்ட முடியாமல் போனால் கீழே இருக்கிற படுக்கையும் போய்விடும் என்று அங்கே எச்சரிப்பு இருக்கிறது. கடைசியாக, வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்தை ஆசீர்வாதம் குறைந்தவர்களாகப் பார்க்காதீர்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் பலர் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கூட்டத்தில் கலந்து பேச:

1. எரேமியா தன் சொந்தக்காரனிடம் வாங்கியும் ஏன் சாட்சிகளை அழைத்தார்? நாம் அப்படிச் செய்தால் உறவு கெடுமா, காக்கப்படுமா?

2. நம் குழுவில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம் எது? அவர்களுக்குக் காகிதம் வாசிக்க, இடம் பார்க்க, கணக்குப் போட யார் போவது? பெயர் எழுதுங்கள்.

3. உங்கள் மாத வருமானத்தில், ஓவர்டைமைக் கழித்துவிட்டு, எவ்வளவு தவணை தாங்கும்? கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. வாங்கியாயிற்று என்றால்: பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? வீட்டு வரி, ஈ.பி. யார் பெயரில் இருக்கிறது?

ஜெபக் குறிப்பு: அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு இருக்கிற குடும்பங்களுக்காக ஜெபியுங்கள். அப்படி இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்தால், தயவுசெய்து உங்கள் போதகரிடமோ சட்ட உதவி மையத்திடமோ இந்த வாரமே பேசுங்கள். நாள் போகப் போகப் பணம் தூரமாகும். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே, பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைத்தால் கட்டாயம் வருவேன். அதற்கு முன், அட்வான்ஸுக்கு முந்தின நாள், ஒரு ஃபோன் பண்ணுங்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம், பிறகு சேர்ந்து ஜெபிப்போம். ஆமென்.